பேஸ்மேக்கர் வைத்த பிறகும் படபடப்பு: அடுத்து என்ன செய்தீர்கள்?

தஞ்சாவூர் மகள்

அம்மாவுக்கு 76 வயது. 2018-ல் நாடி 38-க்கு இறங்கி, துணி மடித்துக்கொண்டிருந்தபோதே மயங்கி விழுந்தார். இரண்டு ஒயர் பேஸ்மேக்கர் வைத்தார்கள். "இனிமே ஹார்ட்டுல ஒண்ணும் வராது" என்று டிஸ்சார்ஜ் அன்று யாரோ சொன்னதை நம்பியே ஐந்து வருஷம் ஓட்டினோம்.

2023 ஐப்பசியில் ஒரு விடியற்காலை எழுப்பினார். "நெஞ்சுக்குள்ள தையல் மிஷின் ஓடுதுடி." பிபி கருவியைக் கட்டினால் மூன்று தடவையும் எரர். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு துடிப்பு வேகமாக, அப்புறம் ஒன்றைக் காணோம், அப்புறம் நாலு சேர்ந்தாற்போல.

பேஸ்மேக்கர் செக்கப்பில் தோளுக்குக் கீழே ஒரு கருவியை வைத்து, உள்ளே பதிவானதை எடுத்தார்கள். ஆறு மாதத்தில் மூன்றில் ஒரு பங்கு நேரம் ஏஎஃப், அதாவது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்குகின்றன. பேஸ்மேக்கர் இருந்துமா என்று கேட்டேன். "அது மாட்டைத் தட்டி ஓட்டுற கம்பும்மா, மூக்கணாங்கயிறு இல்லை" என்றார் டாக்டர். ஒரே லாபம், வேகத்தைக் குறைக்கும் மெட்டோப்ரோலாலைத் தைரியமாகக் கொடுக்கலாம். துடிப்பு ரொம்ப இறங்கினால் பேஸ்மேக்கர் தாங்கிக்கொள்ளும்.

அது போதவில்லை என்று துடிப்பை ஒழுங்குபடுத்தும் அமியோடரோன் மாத்திரையைச் சேர்த்தார்கள். படபடப்பு அடங்கியது. ஆனால் எட்டாவது மாதம் அம்மா பகலெல்லாம் தூங்கினார், முகம் ஊதியது. வயசுதானே என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். தைராய்டு பார்த்தால், அது மந்தமானால் ஏறும் டிஎஸ்எச் அளவு 19! அந்த மாத்திரையில் அயோடின் அதிகமாம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை தைராய்டும் கல்லீரலும் பார்க்க வேண்டுமாம். எங்களிடம் ஒருவரும் சொல்லவில்லை. அந்த ஆத்திரம் இன்னும் போகவில்லை. மாத்திரையை நிறுத்தினாலும் மாதக்கணக்கில் உடம்பில் தங்கும் என்றார்கள். கார்த்திகை வாக்கில் தையல் மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

இப்போது சொல்வது ஏவி நோடு அப்லேஷன். மேலறையிலிருந்து கீழறைக்கு மின்சாரம் போகும் வழியைச் சுட்டு அடைத்துவிடுவார்கள். மேலே நடுக்கம் நிற்காது, ஆனால் கீழே வராது. அதன்பிறகு ஆயுசுக்கும் பேஸ்மேக்கரை நம்பித்தான் துடிப்பு, திரும்ப வழியில்லை. அம்மா யோசிக்கிறார். இதைச் செய்துகொண்டவர்கள் சொல்லுங்கள்.

கோவை ரிட்டயர்டு

எனக்கும் பேஸ்மேக்கர் உண்டு, வயது 63. நான் போனது வேறு வழி. நுரையீரலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் சிரைகளின் வாயில்தான் இந்தக் கோளாறு பெரும்பாலும் கிளம்புகிறது என்று 1998-ல் பிரான்ஸின் போர்தோ நகர டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். அந்த வாயைச் சுற்றிச் சுட்டுவிடுகிற அப்லேஷன் எனக்கு. பதினோராவது மாதம் ஒருமுறை திரும்பி வந்தது, ஷாக் கொடுத்துச் சரிசெய்தார்கள். அதற்கு முன் மூன்று வாரமும் பின் நாலு வாரமும் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை ஒருவேளைகூட விடக் கூடாது என்று கண்டிப்பு. அதன்பிறகு இதுவரை தொந்தரவு இல்லை. எக்கோவில், அதாவது இதய ஸ்கேனில், இடது மேலறை எவ்வளவு பெரிதாகியிருக்கிறது என்று கேளுங்கள். ரொம்பப் பெரிதானால் என் வழி அவ்வளவாகப் பலிக்காது என்றுதான் எனக்கும் சொன்னார்கள்.

நெல்லை மருமகள்

எது செய்தாலும் அந்த உறையாமல் இருக்கும் மாத்திரையை விட்டுவிடாதீர்கள். "பேஸ்மேக்கர் மிஷின்தான் இருக்கே" என்று மாமா தானாகவே நிறுத்தினார். நாற்பது நாளில் வாய் கோணி, வலது கை போய்விட்டது. நடுங்குகிற மேலறையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போயிருக்கிறது. இதற்கு மேல் எழுத முடியவில்லை.

தஞ்சாவூர் மகள்

எல்லாருக்கும் நன்றி. அம்மாவின் இடது மேலறை நன்றாகவே பெரிதாகியிருந்தது, அதனால் கோவை ஐயா சொன்ன வழி எங்களுக்குச் சரிப்படவில்லை. அம்மா டாக்டரிடம் இரண்டே கேள்வி கேட்டார். "பேட்டரி தீர்ந்தா பொசுக்குனு நின்னுடுமா?" தீர்வதற்குச் சில மாதம் முன்பே செக்கப்பில் காட்டிவிடும், அப்போது மாற்றிவிடலாம் என்றார். "நான் மொட்டைமாடி ஏறி வடாம் போடுவேனா?" டாக்டர் சிரித்துவிட்டார். அந்த இரண்டாவது கேள்விக்காகத்தான் அம்மா சம்மதித்தார் என்று நினைக்கிறேன். நாங்கள் பயந்ததெல்லாம் வேறு.

மாசியில் செய்தார்கள், தொடை வழியாக. பேஸ்மேக்கர் ஒரே பக்கமிருந்து தூண்டித் தூண்டிக் கீழறை பலவீனமாகலாம் என்பதால், எக்கோவை வருஷா வருஷம் பார்த்து, தேவைப்பட்டால் இன்னொரு ஒயர் வைப்பார்களாம். முதலில் துடிப்பை 90-ல் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து இப்போது 70. உறையாமல் இருக்கும் மாத்திரை காலை ஒன்று, ராத்திரி ஒன்று. டப்பாவில் கிழமை எழுதி நானே போட்டு வைக்கிறேன்.

சித்திரையில் மாடிப்படி நடுவில் ஒரு தடவை உட்கார்ந்தார். அப்புறம் எழுந்து ஏறிவிட்டார். ஜவ்வரிசிக் கூழில் உப்பு கம்மி என்று எனக்குத் திட்டு.