மேற்கோள் வேறு, இடஞ்சுட்டு வேறு

அன்புடையீர், வணக்கம்.

'சைட்டேஷன்' (citation) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடும் இந்த இழையில், 'மேற்கோள்' இருக்கும்போது புதுச்சொல் எதற்கு என்று ஐயா ஒருவர் கேட்டிருந்தார். என் வகுப்பில் நடந்ததையே பதிலாகச் சொல்கிறேன். முதுகலை மாணவி ஒருவரின் ஆய்வேட்டு வரைவில் ஒரு முழுப் பத்தி பிறர் கருத்து. எழுதியது அவருடைய சொந்த நடையில்தான். ஆனால் யாருடைய கருத்து என்ற குறிப்பே இல்லை. ஓரத்தில் 'மேற்கோள் தேவை' என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் வரைவு திரும்பி வந்தது. பத்தியின் தொடக்கத்திலும் முடிவிலும் மேற்கோள்குறி போட்டிருந்தார்! அவரைக் குறைசொல்ல வழியில்லை. நான் எழுதிய சொல்லுக்கு அவர் செய்ததுதான் நேர்ப்பொருள்.

பிறர் சொற்களை அப்படியே எடுத்தாள்வது ஒன்று. எடுத்தது சொல்லோ, கருத்தோ, புள்ளிவிவரமோ, அது எங்கிருந்து வந்தது என்று அந்த வாக்கியத்தின் அருகிலேயே காட்டுவது இன்னொன்று; 'சைட்டேஷன்' என்பது இதுதான். அந்நூல்களின் முழு விவரத்தைக் கட்டுரையின் கடைசியில் அடுக்குவது மூன்றாவது. மூன்றையும் 'மேற்கோள்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரைகளின் அடியில் வரும் தலைப்பும் 'மேற்கோள்கள்'தான்.

சொல்லின் வரலாறோ இன்னும் வேடிக்கை. சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் 12 நூற்பாக்களையும் மேற்கோள், ஏது (காரணம்), எடுத்துக்காட்டு என்று பகுத்துத்தான் மெய்கண்டார் விளக்குகிறார். அங்கே மேற்கோள் என்பது நிறுவ எடுத்துக்கொண்ட கூற்று. நன்னூற் பாயிரத்தில் 'வேறுநூல் செய்தும் எனும் மேற்கோள்' என்று வரும்போதும் அதற்கு 'மேற்கொண்ட துணிபு' என்பதே பொருள். (முன்னோர் நூற்பாக்களை ஏன் மாற்றாமல் எடுத்தாள்கிறோம் என்பதற்குச் சொன்ன சமாதானம் அந்த நூற்பா என்பது தனிச் சுவை.) ஆக, ஆதாரம் கேட்டு நின்ற சொல்லே பிற்காலத்தில் ஆதாரத்தின் பெயராகிவிட்டது. எடுத்தாண்ட வரிகளுக்கு அது இன்று நிலைத்துவிட்டதால் அங்கேயே இருக்கட்டும்.

இனி, இதுவரை வந்த பரிந்துரைகள். 'சான்று காட்டல்' கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆய்வாளர் மறுப்பதற்காகவும் ஒரு நூலைக் காட்டுவார். நூலுக்குரிய ஏழு மதங்களுள் (கொள்கைகளுள்) 'பிறர்நூற் குற்றங் காட்டல்' என்பதையும் நன்னூலார் வைத்திருக்கிறாரே. குற்றம் காட்ட எடுத்த நூலைச் சான்று என்பது எப்படி? 'உசாத்துணை' இலங்கையில் வேரூன்றிய அழகான சொல். உசாவித் தெளிவதற்குரிய துணை என்பதால் கடைசியில் வரும் பட்டியலுக்கு அதுவே பொருந்தும். வாக்கியத்துக்குள் வரும் சிறு குறிப்பால் அதன் கனத்தைத் தாங்க முடியாது. 'மூலச்சுட்டு' நான் முன்பு சொன்னது. மூலம் என்றதும் மாணவர்களுக்கு நோய் நினைவுக்கு வந்து வகுப்பு சிரித்துவிட்டது. திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இப்போது நான் முன்வைப்பது 'இடஞ்சுட்டு'. தமிழ்நாட்டில் பள்ளித் தமிழ்த் தேர்வு எழுதியவர்களுக்கு இது புதிதன்று. 'இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக' என்ற வினாவுக்கு இடம், பொருள், விளக்கம் என்று எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள்தானே நாம்? இந்த வரி எந்த நூலில், எங்கே வருகிறது என்று முதலில் சொல், பிறகு பேசு. ஆய்வுக் கட்டுரையும் அதைத்தான் கேட்கிறது. ஆய்வெழுத்துக்கென வகுத்த நடைமுறைகளுள் ஏபிஏ (APA) முறையில் ஆசிரியர் பெயரும் ஆண்டும், எம்எல்ஏ (MLA) முறையில் பெயரும் பக்க எண்ணும், ஐஇஇஇ (IEEE) முறையில் சதுர அடைப்புக்குள் ஓர் எண். வடிவம்தான் வேறு. 'இடம்' என்பது பக்கமாகவும் இருக்கலாம், கல்வெட்டு எண்ணாகவும், ஒலிப்பதிவில் ஒரு நிமிடமாகவும் இருக்கலாம். பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும் சங்க நூல்களுக்குப் பாட்டெண்தான் இடம்: புறநானூறு 192 என்றால் போதும்.

இடம் சுட்டாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு உ.வே.சாமிநாதையரைவிட நல்ல சாட்சி கிடையாது. சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க உழைத்தபோது நச்சினார்க்கினியர் உரையில் வரி வரியாகப் பழைய பாடல்கள்; நூற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'என்றார் பிறரும்' என்ற இரண்டு சொற்கள். யார் அந்தப் பிறர்? பத்துப்பாட்டு, எட்டுத்தொகைச் சுவடிகளைத் தேடிப் படித்த பிறகுதான் பல வரிகளின் பிறப்பிடம் அவருக்குப் புலப்பட்டது. சிந்தாமணி 1887-இல் அச்சானது. நச்சினார்க்கினியரைக் குற்றம் சொல்லவில்லை. பாட்டையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்த வாசகருக்காக எழுதியவர் அவர். நம் மாணவர்களின் வாசகர் அப்படிப்பட்டவர் அல்லர்.

ஒரு தடை எனக்கே தோன்றுகிறது. இங்கே, அங்கே போன்ற சொற்களை மொழியியலார் 'இடச்சுட்டு' என்றால் ஓர் எழுத்துதான் வேறுபாடு. துறைகள் வேறு என்பதால் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். மொழியியல் நண்பர்கள் சொல்லட்டும்.

கிளைச்சொற்களில் ஒன்றை மட்டும் இப்போதே பேச வேண்டும். அவிநயம் என்ற இலக்கண நூல் நமக்குக் கிடைக்கவில்லை. யாப்பருங்கல விருத்தி முதலிய உரைகள் எடுத்தாண்டதால் சில நூற்பாக்கள் மட்டும் பிழைத்தன. மாணவர்களோ அவிநயத்தையே கையில் வைத்துப் படித்ததுபோல் 'அவிநயம்' என்று குறிப்புப் போட்டுவிடுகிறார்கள். தான் பாராத நூலை, பார்த்தவர் வழியாகச் சுட்டுவதற்கு முதல்நூல், அதன்வழி வந்த வழிநூல் என்ற பழைய பாகுபாட்டை ஒட்டி 'வழிச்சுட்டு' எனலாமா? சாலையோரப் பலகையின் சாயல் விழுகிறதோ என்று ஒரு தயக்கம்.

உசாத்துணைப் பட்டியலில் சாமிநாதையரை 'உ'வில் வைப்பதா, 'சா'வில் வைப்பதா என்ற சண்டைக்குத் தனி இழை தொடங்குங்கள். அதை இங்கே இழுக்க வேண்டாம். முதலாமாண்டு மாணவர்களுக்கான கையேடு அடுத்த மாதம் அச்சுக்குப் போகிறது. 'வழிச்சுட்டு'க்கு மாற்று இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.

அன்புடன்.