பட்டனை அழுத்தினால் சாளரம் உறைகிறது: டூஈவென்ட்ஸ் போதுமா, அவெய்ட் வேண்டுமா?

புதுநிரலன்:
சி ஷார்ப்பில் விண்டோஸ் ஃபார்ம்ஸ் கற்றுவருகிறேன். பட்டனை அழுத்தினால் மூன்று லட்சம் வரிகள் கொண்ட சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த உரைக்கோப்பு) படித்து, அட்டவணையாகக் காட்டும் டேட்டாகிரிட்வியூவில் காட்ட வேண்டும். கிளிக் நிகழ்வின் முதல் வரியிலேயே லேபிளில் "ஏற்றப்படுகிறது" என்று எழுதுகிறேன். அது திரையில் தெரிவதே இல்லை. சற்று நேரத்தில் சாளரம் வெளிறி, தலைப்பில் "நாட் ரெஸ்பாண்டிங்" என்று வருகிறது. தேடிப் பார்த்ததில், லூப்புக்குள் அப்ளிகேஷன்.டூஈவென்ட்ஸ் என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னார்கள். சேர்த்ததும் லேபிள் தெரிகிறது. இது சரியான வழிதானா?

பழைய விபி:
சரியான வழிதான் தம்பி. 1998இல் வந்த விபி 6 (விஷுவல் பேசிக்) காலத்திலிருந்து இந்த ஒரு வரியை நம்பி எத்தனையோ கடைகளின் பில் நிரல்கள் ஓடியிருக்கின்றன. கற்கத் தொடங்குபவருக்கு முதலில் வேண்டியது ஓடுகிற நிரல். த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் இழை), டாஸ்க் (பின்னணியில் ஓடவிடும் வேலை) என்று இப்போதே இறங்கினால் பாதியில் விட்டுவிடுவீர்கள். ஒரு எச்சரிக்கை மட்டும்: ஒவ்வொரு வரிக்கும் அழைக்காமல் ஆயிரம் வரிக்கு ஒரு முறை அழையுங்கள்.

எழிலி:
இதை நான் ஏற்கவில்லை. லேபிள் ஏன் தெரியவில்லை என்பதே புரியாமல் மருந்தை மட்டும் கொடுக்கிறீர்கள்.

புதுநிரலன், லேபிளின் எழுத்தை மாற்றும் வரி அந்த நொடியில் எதையும் வரைவதில்லை. "இந்தப் பகுதியை மறுபடி வரைய வேண்டும்" என்று குறித்துவைப்பதோடு சரி. வரையச் சொல்லும் செய்தியான டபிள்யூஎம் பெயின்ட், விண்டோஸ் நிரலுக்கு அனுப்பும் செய்திகளின் வரிசையில் வேறு எதுவும் இல்லாதபோதுதான் வரும். அந்த வரிசையிலிருந்து செய்திகளை எடுத்துக் கொடுப்பது, அப்ளிகேஷன்.ரன் தொடங்கிவைக்கும் சுழற்சி. உங்கள் கிளிக் நிகழ்வு முடிந்தால்தான் அந்தச் சுழற்சி மறுபடி நகரும். அதுவரை மவுஸ், விசைப்பலகை, வரைதல் எல்லாம் காத்துக் கிடக்கும். 5 நொடிகள் வரை செய்தி எடுக்கப்படாவிட்டால் விண்டோஸ் உங்கள் சாளரத்தை மறைத்து, அதே தோற்றத்தில் ஒரு போலிச் சாளரத்தை வைக்கிறது. நீங்கள் பார்த்த வெளிறல் அதுதான்.

டூஈவென்ட்ஸ் அந்தச் சுழற்சியை உங்கள் லூப்பின் நடுவிலேயே ஓடவிடுகிறது. பயனர் பொறுமையிழந்து பட்டனை இன்னொரு முறை அழுத்தினால், முதல் ஏற்றம் பாதியில் நிற்க, அதன் மேலேயே இரண்டாவது ஏற்றம் தொடங்கும். வரிகள் இரட்டிக்கும். ஃபார்மை மூடினால் சாளரம் போய்விடும், லூப் போகாது. டாஸ்க் மேனேஜரில் நிரல் ஓடிக்கொண்டே இருக்கும்.

பழைய விபி:
பட்டனின் எனேபிள்ட் பண்பை ஃபால்ஸ் ஆக்கினால் தீர்ந்தது. மூடுவதையும் தடுக்க வேண்டுமா? ஃபார்மையே முடக்கிவிடலாம். தலைப்பில் தம்பி கேட்ட அவெய்ட், அதாவது பின்னணி வேலை முடியும்வரை சாளரத்தைத் தடுக்காமல் காத்திருக்கும் வழி, அதைப் போட்டாலும் இதே சிக்கல் உண்டே? அவெய்ட் வந்ததும் கட்டுப்பாடு செய்திச் சுழற்சிக்குத் திரும்புகிறது. அப்போதும் பயனர் பட்டனை மறுபடி அழுத்தலாம். அங்கேயும் பட்டனை முடக்கித்தான் ஆக வேண்டும்.

சொல்லாமல் விட்ட பக்கத்தையும் சொல்லுங்கள். புதியவர் வேலையை வேறொரு த்ரெட்டுக்கு அனுப்பும் டாஸ்க்.ரன் எழுதுவார், அதற்குள்ளிருந்தே கிரிட்டைத் தொடுவார். "கிராஸ் த்ரெட் ஆபரேஷன் நாட் வேலிட்" என்று பிழை வரும். இணையத்தில் தேடினால், இந்தச் சோதனையையே நடத்தும் செக்ஃபார்இல்லீகல்கிராஸ்த்ரெட்கால்ஸ் என்பதை ஃபால்ஸ் ஆக்கச் சொல்லும் பதில் கிடைக்கும். பிழைச் செய்தி மறையும், பிழை மறையாது. இன்னொருவர் அவெய்ட் எழுதத் தயங்கி, ஆசின்க் செயற்கூற்றின் (உள்ளே அவெய்ட் உள்ள செயற்கூறு) முடிவை .ரிசல்ட் என்று வாங்குவார். திரையை வரைந்து கிளிக்குகளைக் கவனிக்கும் யூஐ த்ரெட் அந்த முடிவுக்காகக் காத்திருக்கும், அந்தச் செயற்கூற்றின் மிச்சப் பகுதி யூஐ த்ரெட்டுக்காகக் காத்திருக்கும். நிரல் ஒரேயடியாகப் பூட்டிக்கொள்ளும். இதையெல்லாம் முதல் மாதத்திலேயே ஒருவர் தலையில் ஏற்ற வேண்டுமா?

எழிலி:
அவெய்ட்டிலும் பட்டனை முடக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் அங்கே முதல் ஏற்றம் இரண்டாவதன் அடியில் சிக்கிக் கிடக்காது. ஃபார்மையே முடக்கினால் ரத்து செய்யும் பட்டனும் அதோடு முடங்கும்.

நீங்கள் சொன்ன பொறிகளுக்கு ஒரே விதி போதும்: டாஸ்க்.ரன்னுக்குள் திரையில் இருக்கும் எதையும் தொடாதே. உள்ளே கோப்பைப் படித்து ஒரு பட்டியலைத் திருப்பித் தாருங்கள். அவெய்ட்டுக்கு அடுத்த வரி யூஐ த்ரெட்டில்தான் ஓடும், கிரிட்டை அங்கே நிரப்புங்கள். கிளிக் நிகழ்வின் தலைப்பில் ஆசின்க் என்ற சொல் சேரும், அவ்வளவுதான். சி ஷார்ப் 5 வெளிவந்த 2012இலிருந்து இந்த வசதி கையில் இருக்கிறது. பின்னணி வேலைக்கான பழைய வழியான பேக்ரவுண்ட்வொர்க்கர் எழுதும் சுமைகூட இல்லை. புதியவரால் இது முடியாது என்று நாம் முடிவு செய்வதுதான் எனக்கு வருத்தம்.

வடகரை:
இருவரும் பாதிச் சிக்கலைத்தான் பேசுகிறீர்கள். மூன்று லட்சம் வரி உரைக்கோப்பைப் படிக்க இன்றைய கணினிக்கு அதிக நேரம் ஆகாது. நேரத்தைத் தின்பது கிரிட். எழிலி சொன்னபடி செய்தாலும் அவெய்ட்டுக்குப் பிறகு ரோஸ்.ஆட் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால், அது யூஐ த்ரெட்டில்தான் நடக்கும், சாளரம் மறுபடி உறையும்.

புதுநிரலன், ஸ்டாப்வாட்ச் வைத்துப் படிப்பதையும் நிரப்புவதையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். கிரிட்டின் ஆட்டோசைஸ்காலம்ஸ்மோட் என்னவாக இருக்கிறது?

புதுநிரலன்:
ஆல்செல்ஸ் என்று இருக்கிறது. பத்தி அகலம் தானாகச் சரியாகட்டும் என்று வைத்தேன். அளந்து பார்த்தேன். படிப்பது கண்ணிமைக்கும் நேரம்தான், மீதி முழுவதும் நிரப்புவதில் போகிறது.

வடகரை:
ஆல்செல்ஸ் என்றால் அகலத்தைக் கணிக்க எல்லாச் செல்களையும் அளக்க வேண்டும். டிஸ்ப்ளேய்ட்செல்ஸ் ஆக்குங்கள், திரையில் தெரியும் வரிகளை மட்டும் அளக்கும். வரிகளை நினைவகத்தில் இருக்கும் அட்டவணையான டேட்டாடேபிளில் சேர்த்து, கடைசியில் ஒரே முறை கிரிட்டின் டேட்டாசோர்ஸில் கொடுங்கள். அதற்கும் மேல் வேகம் வேண்டுமானால், தேவைப்படும் செல்லின் மதிப்பை மட்டும் அப்போது கேட்டு வாங்கும் வர்ச்சுவல்மோட் இருக்கிறது.

புதுநிரலன்:
இரண்டையும் மாற்றினேன். வெளிறல் போய்விட்டது. டூஈவென்ட்ஸை நீக்கிய பிறகும் போகவில்லை... அதாவது, வெளிறல் திரும்ப வரவில்லை.

பழைய விபி:
அப்படியானால் அவெய்ட்டும் தேவைப்படவில்லை. இதைத்தான் சொல்கிறேன்: எளியதை முதலில் செய்து பாருங்கள்.

எழிலி:
உங்கள் கணினியில், உங்கள் வட்டில் இருக்கும் கோப்புக்குத் தேவைப்படவில்லை. அதே கோப்பு நெட்வொர்க் டிரைவில் இருந்து, இணைப்பும் மந்தமாக இருந்தால் படிக்கும் வரியிலேயே சாளரம் நின்றுவிடும். கிரிட்டை எவ்வளவு திருத்தினாலும் அதற்குப் பயன் இல்லை.

புதுநிரலன்:
கோப்பு வேறொரு கணினியின் பகிர்ந்த கோப்புறையில்தான் இருக்கப்போகிறது. சோதனைக்காக என் கணினியில் வைத்திருந்தேன். பாதியில் நிறுத்தும் வசதியும் கேட்டிருக்கிறார்கள்.

எழிலி:
அப்படியானால் படிப்பதை டாஸ்க்.ரன்னுக்குள் கொண்டுபோங்கள். டேட்டாடேபிளை உள்ளேயே நிரப்பலாம், கிரிட்டோடு இணைக்காத வரை அது திரையைச் சேர்ந்ததல்ல. நிறுத்துவதற்கு, ரத்துக் குறிப்பை வேலைக்குத் தெரிவிக்கும் கேன்சலேஷன்டோக்கன், லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் அதைச் சரிபாருங்கள். ஃபார்ம் மூடும் நிகழ்விலும் அதே டோக்கனை ரத்து செய்யுங்கள். முன்னேற்றத்தைக் காட்ட ஐப்ராகிரஸ் உண்டு. அதற்கு மட்டும் விபி ஐயா சொன்ன ஆயிரம் வரிக் கணக்கு அப்படியே பொருந்தும், ஒவ்வொரு வரிக்கும் அறிவித்தால் செய்தி வரிசை மறுபடி திணறும்.

பழைய விபி:
நெட்வொர்க்கும் ரத்து செய்யும் பட்டனும் வந்துவிட்டதால் இந்த நிரலுக்கு அவெய்ட்தான் பொருத்தம், மறுக்கவில்லை. ஆனால் தம்பி முதல் கேள்வியில் இவை இரண்டும் இல்லை. அந்தக் கேள்வியை இன்னொருவர் நாளை கேட்டால், நான் லேபிளுக்கு .ரெஃப்ரெஷ் என்ற ஒரு வரியும் ஸ்டாப்வாட்சும்தான் முதலில் சொல்வேன்.

எழிலி:
ரெஃப்ரெஷ் லேபிளை உடனே வரையும், வேறு செய்திகளை உள்ளே விடாது. டூஈவென்ட்ஸுக்குப் பதில் அதைச் சொன்னால் எனக்கு எதிர்ப்பு இல்லை.