மூணு பிள்ளைங்க, 25,000 ரூபா: எதுல மிச்சம் பிடிக்கலாம், எதுல கூடாது?

மஸ்கெலியா_மழை:
தரம் 3, 7, 10. பாடசாலைச் சாமான் வாங்க மூணு பேருக்கும் சேர்த்து 25,000 ரூபா, அதுவும் பத்தாம் திகதி சம்பளத்துக்குப் பிறகுதான். யூனிபோர்ம் துணி பாடசாலையில கிடைச்சிருச்சு, தைக்கக் கொடுக்கணும். சப்பாத்து பெரியவங்க ரெண்டு பேருக்கும் கட்டாயம் வேணும். பேக் ஒண்ணுல ஸிப் போயிருக்கு. கேட்க வேண்டியது மூணு: கொப்பி எத்தனை, எத்தனை பக்கம், சீஆரா (தடிச்ச மட்டைக் கொப்பி) சாதாவா? கொழும்பு புறக்கோட்டைக்குப் போய் வாங்கினா லாபமா? சப்பாத்து ஒரு சைஸ் பெரிசா எடுத்தா அடுத்த வருஷமும் ஓடுமா?

கொப்பிக்_கணக்கு:
கொப்பிக்கு மட்டும் சொல்றேன். வருஷம் முழுக்க வேண்டியதை ஒரே நாள்ல வாங்காதீங்க, முதலாம் தவணைக்கு மட்டும் எடுங்க. நம்ம ஊர் ஈரத்துல மூட்டைக்குள்ள கிடக்குற கொப்பி மேல்மட்டை வளைஞ்சு, நடுவுல அடிச்ச கம்பிப் பின் துருப்பிடிச்சு, ரெண்டு பக்கமும் மஞ்சள் கறை ஏறிடும்.

தரம் 3க்கு 80 பக்கம் போதும். தமிழ், சுற்றாடல், சமயம், சிங்களம் நாலுக்கும் ஒவ்வொண்ணு. ஆங்கிலத்துக்கு டபள் ரூல் (ரெட்டைக் கோடு) ஒண்ணு, கணிதத்துக்கு ஸ்கொயார் ரூல் (கட்டம் போட்டது) ஒண்ணு, வீட்டுவேலைக்கு ஒண்ணு, ஆக ஏழு. எந்தப் பாடத்துக்கு என்ன ரூல்னு வகுப்பு ரீச்சர்கிட்ட முன்னாடியே கேட்டுக்கங்க. மாத்தி வாங்கிட்டு, பேர் எழுதின பிறகு கடையில எடுக்க மாட்டாங்க.

தரம் 7க்குப் பாடம் கூட, ஆனா எல்லாமே ஒரே வேகத்துல நிரம்பாது. தமிழ், கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம், வரலாறு 120 பக்கம். குடியியல், புவியியல், சுகாதாரம், சித்திரம் மாதிரி மத்ததெல்லாம் 80. தரம் 10க்கு ஒன்பது பாடம். கணிதம், விஞ்ஞானம் ரெண்டுக்கு மட்டும் சீஆர் எடுங்க, நூல் தைச்சு தடிச்ச மட்டை போட்டது ரெண்டு வருஷம் தாங்கும். தொகுதிப் பாடங்கள் (பிள்ளைங்களே தெரிவு செய்றது) மூணுக்கும் இப்ப வாங்க வேணாம். முதல் ரெண்டு வாரத்துல பிள்ளைங்க பாடம் மாத்துவாங்க, கொப்பி அநியாயமாப் போகும்.

பெரிய கொப்பிதான் மலிவுன்னு நினைக்காதீங்க. விலையைப் பக்கத்தால வகுத்துப் பாருங்க. சும்மா கணக்குக்கு: 80 பக்கம் 140 ரூபான்னா ஒரு பக்கம் 1.75. 120 பக்கம் 190ன்னா 1.58. 200 பக்கம் 340ன்னா 1.70. இந்த விலையில நடுவுல உள்ளதுதான் லாபம். கடைக்குக் கடை இது மாறும், அதனால போன்ல கல்குலேட்டரைத் திறந்து வச்சுக்கிட்டே கேளுங்க. அரசாங்கக் கடை சதொசவிலயும் ஒரு தடவை விலை பார்த்துட்டு வாங்க.

தாளையும் பாருங்க. கடைசிப் பக்கத்துல போல்பொயின்ட் பேனையால அழுத்தி ஒரு வரி எழுதித் திருப்பிப் பாருங்க. மறுபக்கம் தெரிஞ்சா ரெண்டு பக்கமும் எழுத முடியாது, அப்போ 120 பக்கம் வாங்கி 60 பக்கம்தான் கையில. ஜெல் பேனை இந்தக் குளிர்ல லேசுல காயாது, கையில இழுபடும், வேணாம்.

கொம்பாஸ் பெட்டி முழுசா வாங்கவே வேணாம். பழைய பாகைமானி, மூலைமட்டம் நல்லா இருந்தா கவராயம் மட்டும் போதும். கடையிலேயே 5 செ.மீ. ஆரையில ஒரே வட்டத்தை ரெண்டு சுத்து வரைஞ்சு பாருங்க. கோடு ஒண்ணு மேல ஒண்ணு விழலைன்னா மூட்டு லூஸ், அதைக் கணிதப் பரீட்சைக்குக் கொண்டுபோக முடியாது.

தோல்_நூல்_ஊசி:
சப்பாத்து பெரிசா எடுக்காதீங்க அக்கா. அடி மடியிற இடம் விரல் மூட்டுக்கு நேரா இருக்கணும். ஒரு சைஸ் பெரிசுன்னா மடிப்பு தள்ளி விழும், அங்கதான் முதல்ல வெடிக்கும். அடுத்த வருஷத்துக்குன்னு வாங்கினது ஆறு மாசம் தாங்காது. குதியும் வழுக்கும், இறக்கத்துல பிள்ளைக்குக் கால் உரியும்.

சாயந்தரம் ஸொக்ஸ் போட்டு, வெள்ளைத்தாள் மேல நிக்க வச்சு குதியிலிருந்து நீள விரல் வரைக்கும் கோடு போடுங்க. ரெண்டு காலையும் அளந்து, நீளமானதோட 1 செ.மீ. கூட்டுங்க. அந்த அளவைக் கடைக்குக் கொண்டுபோனா பிள்ளையைக் கூட்டிட்டுப் போற பஸ் காசும் மிச்சம். ஆனா கடைக்காரர்கிட்ட மாத்தித் தருவாரான்னு கேட்டு பில்லைப் பத்திரமா வையுங்க.

அடியும் மேல்தோலும் சேர்ற இடத்துல சுத்தி நூல் ஓடுதான்னு பாருங்க. சிலதுல தையல் மாதிரி அச்சு மட்டும் குத்தி இருப்பாங்க, உள்ளே வெறும் பசை. நனைஞ்சா கடதாசி திணிச்சு ரெண்டு மணிக்கு ஒரு தடவை மாத்துங்க. அடுப்பு ஓரம் வைக்கவே வைக்காதீங்க. பசை இளகி முன்பக்கம் வாய் பிளக்குறது பல நேரம் இந்தச் சூட்டாலதான். பூஞ்சணம் வந்தா வினாகிரியும் தண்ணியும் சரிபாதி கலந்து துணியால துடைச்சுக் காத்துல வையுங்க.

பேக்குக்கு ஸிப் முழுசா மாத்த வேணாம். பல்லு நல்லா இருந்து வாய் பிளந்துக்கிட்டே வந்தா ஓடுற தலை மட்டும்தான் தேஞ்சிருக்கும், அதை மட்டும் மாத்தித் தருவாங்க. புதுசு எடுக்குறதா இருந்தா, தோள்பட்டி சேர்ற இடத்துல சதுரம் போட்டு உள்ளே பெருக்கல் குறி மாதிரி தைச்சிருக்கணும். ஒரே வரித் தையல்னா ஒரு தவணைதான். மழைக்கு வெளிய உறை வாங்குறதை விட உள்ளே தடிச்ச பொலித்தீன் பை ஒண்ணு போட்டு அதுக்குள்ள கொப்பியை வையுங்க. தண்ணி பெரும்பாலும் தையல் ஓட்டை வழியாத்தான் வருது.

ஹட்டன்_சந்தி:
புறக்கோட்டைக் கதைக்கு வருவோம். மலிபன் வீதியில தொகை விலை குறைவுதான், மறுக்கல. ஆனா கொப்பிக்கு 20 ரூபா குறைஞ்சாலும் 30 கொப்பிக்கு 600 ரூபா. போய்வர பஸ் காசு அதைத் தின்னுடும், தோட்டத்துல ஒரு நாள் பேரும் (அன்னைக்குச் சம்பளம்) விழாது. ஒரு குடும்பத்துக்கு இது சரிவராது.

லயத்துல (தோட்டத்து வரிசை வீடுகள்ல) அஞ்சு குடும்பம் சேர்ந்து 10 டசின் எடுக்கிறீங்கன்னா கணக்கு மாறும். ஒருத்தர் போனாப் போதும். ஒண்ணு ஞாபகம் வையுங்க: 120 கொப்பி கிட்டத்தட்ட 15 கிலோ, பஸ்ல அதைத் தூக்கிட்டு ஏறணும். டசின் கட்டுல எல்லாம் ஒரே ரூல், ஒரே பக்கமாத்தான் வரும். அதனால யாருக்கு எது எத்தனைன்னு முன்னாடியே எழுதி எடுங்க. அதைவிட நான் சொல்றது, அதே பட்டியலோட டவுன்ல ரெண்டு மூணு கடையில "10 டசினுக்கு என்ன விலை?"ன்னு கேளுங்க. பத்தாம் திகதிக்கு முந்தின வாரம் கேட்டா பேச நேரம் இருக்கும். சம்பளம் போட்ட மறுநாள் கடைக்காரருக்குத் தலை நிமிரவே நேரம் இருக்காது.

தையலுக்கு: துணியை ஒரு ராத்திரி தண்ணியில ஊறப் போட்டுக் காயவச்ச பிறகு கொடுங்க, பிறகு பெரிசா சுருங்காது. கீழ் மடிப்பு 3 அங்குலம் உள்ளே விடச் சொல்லுங்க. வளர்ச்சிக்கு இடம் விடுற இடம் இதுதான், சப்பாத்து இல்ல. தையல்காரர்கிட்ட இப்பவே கொடுங்க, பாடசாலை தொடங்குற வாரம் போனா அவசரக் கூலி கேப்பாங்க.

அஸ்வெசும (அரசாங்க நிவாரணக் காசு) எடுக்கிற குடும்பமா? 2025 தொடக்கத்துல அந்தக் குடும்பப் பிள்ளைகளுக்குப் பாடசாலை உபகரணம் வாங்க ஆளுக்கு 6,000 ரூபா கொடுத்தாங்க. இந்த வருஷ நிலவரத்தைப் பிரதேச செயலகத்துல கேளுங்க. சில பாடசாலைகளுக்குச் சப்பாத்து வவுச்சரும் வரும், அதிபர்கிட்ட கேட்காம சப்பாத்து வாங்கிடாதீங்க.

மஸ்கெலியா_மழை:
ரொம்ப நன்றி. அப்போ சப்பாத்தும் தையலும் முதல்ல, கொப்பி முதலாம் தவணைக்கு மட்டும். போன வருஷக் கொப்பி ஏழெட்டுல பாதிப் பக்கம் வெறுமையாக் கிடக்கு. கிழிச்சு எடுத்தா முன்னால எழுதினதும் கழண்டு வருது. என்ன செய்யலாம்?

கொப்பிக்_கணக்கு:
பின் அடிச்ச கொப்பியில முதல் தாளும் கடைசித் தாளும் ஒரே தாள், நடுவுல மடிச்சது. அதனாலதான் கழண்டு வருது. பாதிக்குக் குறைவா எழுதியிருந்தா நடுவுல உள்ள தாள்கள் ரெண்டு பக்கமும் வெறுமை. கத்தி முனையால பின்னை நிமிர்த்தி அதை மட்டும் எடுங்க. 80 பக்கக் கொப்பியில 20 பக்கம் எழுதியிருந்தா நடுவுல 40 பக்கம் அப்படியே கிடைக்கும். மீதி 20 வெறும் பக்கம் எழுதின தாளோட ஒட்டினது, அதை விட்டுடுங்க. பின்னைத் திரும்ப மடக்கிட்டா பழைய கொப்பியும் மீட்டல் படிக்க இருக்கும்.

பாதிக்கு மேல எழுதியிருந்தா முழுத்தாள் கிடைக்காது. நடுமடிப்பிலிருந்து ஒரு விரல் அகலம் விட்டு வெறும் தாளை வெட்டுங்க, கொப்பி கழராது. வெட்டினதைப் பக்கவாட்டுல மூணு ஓட்டை போட்டுத் தைக்கணும். முழுத்தாள்னா நடுமடிப்புல மூணு ஓட்டை: நடு ஓட்டையில உள்ளிருந்து வெளிய, மேல் ஓட்டையில உள்ளே, நீளமா இறங்கிக் கீழ் ஓட்டையில வெளிய, திரும்ப நடு ஓட்டையில உள்ளே வந்து, நீள நூலை நடுவுல வச்சு ரெண்டு நுனியையும் முடிச்சுப் போடுங்க. தையல் மெஷின் நூல் ஒற்றையா அறுந்துடும், நாலு மடிப்பு எடுங்க. ரூல் கலக்காதீங்க: ஸ்கொயார் ரூல் எல்லாம் ஒண்ணா சின்னவனுக்கு, சிங்கிள் ரூல் தரம் 10 பிள்ளைக்குக் கணிதம் செய்து பார்க்க. மட்டைக்குப் பழைய கலண்டர் தாள், வழுவழுப்புப் பக்கம் வெளிய வரணும்.