பெட்டிக்குள் வைத்த பிறகு டிரான்ஸ்மிட்டில் ரிக் அணைந்துவிடுகிறது: உதவி தேவை

பெட்டிநிலையம்:

வணக்கம் நண்பர்களே. கையில் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி ஒரு ஹாம் (அமெச்சூர் வானொலி) நிலையத்தைக் கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூன்று மாதமாகக் கட்டி வருகிறேன். மின்சாரமும் செல்போனும் இல்லாத இடத்தில் பெட்டியைத் திறந்து, ஆன்டெனாவைக் கட்டி, பத்து நிமிடத்தில் பேசத் தொடங்க வேண்டும் என்பதுதான் ஆசை. எல்லாம் கூடி வந்த நேரத்தில் சிக்கிக்கொண்டேன்.

உள்ளே இருப்பவை: 100 வாட் எச்எஃப் ரிக் (சிற்றலையில் அனுப்பவும் வாங்கவும் செய்யும் வானொலிக் கருவி), 20 ஆம்ப்-ஹவர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, ஃபியூஸ், முன்பலகையில் வோல்ட்டும் ஆம்பும் காட்டும் மீட்டர், பவர்போல் எனும் டிசி மின்கம்பி கனெக்டர்கள். ஆன்டெனா 20 மீட்டர் நீள எண்ட்-ஃபெட் கம்பி (ஒரு நுனியில் மட்டும் சிக்னல் ஊட்டுவது), தடையைப் பொருத்தும் 49:1 டிரான்ஸ்ஃபார்மருடன்.

மேசையில் எஸ்எம்பிஎஸ்ஸில் (வீட்டு மின்சாரத்தை டிசியாக்கும் பவர் சப்ளை) ஓட்டியபோது முழு 100 வாட்டிலும் எந்தத் தொல்லையும் இல்லை. பெட்டிக்குள் வைத்து பேட்டரியில் ஓட்டினால் 40 மீட்டர் அலைவரிசையில் எஸ்எஸ்பி முறையில் (குரலில் பேசும் முறை) 30 வாட் வரை சரி. அதற்கு மேல் போய்ச் சற்று உரக்கப் பேசினால் ரிக் அணைந்து, ஒரு நொடியில் திரும்பவும் எழுந்துவிடுகிறது. பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆனது. பேட்டரி மோசமா? பெரியதாக ஒன்று வாங்கிவிடலாமா?

மலைக்காற்று:

எனக்கும் இப்படி ஆனது. பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ் (பாதுகாப்புச் சர்க்யூட்) 20 ஆம்புக்கு மேல் தாங்காமல் வெட்டிவிடுகிறது என்று நினைக்கிறேன். 100 வாட் ரிக் உச்சத்தில் 20 ஆம்ப் அளவுக்கு இழுக்கும். அடுத்த அளவு பேட்டரிக்குப் போங்கள்.

பழையவால்வு:

கொஞ்சம் பொறுங்கள் தம்பி, காசைச் செலவழிக்கும் முன் ஒன்று பாருங்கள். ரிக் அணைகிற அந்த நொடியில் முன்பலகை மீட்டரும் அணைகிறதா? பிஎம்எஸ் வெட்டினால் பேட்டரிக்குப் பின்னால் இருக்கும் எல்லாமே செத்துவிடும், மீட்டரும் சேர்த்து. மீட்டர் எரிந்துகொண்டே இருந்து ரிக் மட்டும் போனால், பேட்டரியின் மேல் பழி இல்லை.

இரண்டாவது, ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதிலாகப் பவரைச் சூடாக்கி விழுங்கும் தடை) அதே பவரில் பேசிப் பாருங்கள். டம்மி லோடிலும் அணைந்தால் மின்வழியில் கோளாறு. டம்மி லோடில் நன்றாக இருந்து ஆன்டெனாவில் மட்டும் அணைந்தால், ஆர்எஃப் (அனுப்பும் ரேடியோ அலையின் மின்சாரம்) திரும்பி வந்து ரிக்கைக் குழப்புகிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் எந்தப் பொருளையும் மாற்றாதீர்கள். நான் பார்த்த பெட்டி நிலையங்களில் பாதிக்கு இரண்டு கோளாறும் சேர்ந்தே இருந்தன.

பெட்டிநிலையம்:

நன்றி அண்ணா. பார்த்துவிட்டேன். மீட்டர் அணையவில்லை, எரிந்துகொண்டேதான் இருக்கிறது. டம்மி லோடிலும் ரிக் அணைகிறது. ஆனால் மீட்டரில் வோல்ட் 12.7க்குக் கீழே போவதாகத் தெரியவில்லையே?

பழையவால்வு:

அப்படியானால் மின்வழிதான். அந்த மீட்டரை இரண்டு காரணத்துக்காக நம்பக்கூடாது. ஒன்று, அது தன் நுழைவாயிலில் இருக்கிற வோல்ட்டைக் காட்டுகிறது, ரிக்கின் வாயில் இருப்பதை அல்ல. இரண்டு, பேச்சில் மின்னோட்டம் துள்ளித் துள்ளிப் போகும், மீட்டர் சராசரியைத்தான் காட்டும். உச்சத்தில் ஒரு கண்சிமிட்டும் நேரம் வோல்ட் விழுந்தாலும் ரிக்குக்கு அது போதும்.

அதனால் பேச்சு வேண்டாம். டம்மி லோடில் ரிக்கை எஃப்எம்முக்கு மாற்றி பிடிடியை (பேசும் பொத்தான்) அழுத்துங்கள், ஒரே சீராகக் கேரியர் (குரல் ஏறாத அலை) கிடைக்கும். 60 வாட்டில் தொடங்கி ரிக் நிற்கும்வரை மெல்ல ஏற்றுங்கள். அளவு எடுக்கும்போது ஒரு தடவைக்கு நான்கைந்து நொடிக்கு மேல் வேண்டாம். நண்பர் யாரையாவது பிடிடி அழுத்தச் சொல்லிவிட்டு நீங்கள் மல்டிமீட்டரைப் பிடியுங்கள்.

முதலில் பேட்டரி முனையில், அப்புறம் ரிக்கின் டிசி பிளக்கில். பெரும்பாலான ரிக்குகளுக்கு 13.8 வோல்ட், 15 சதவீதம் கூடக் குறைய என்றுதான் கையேட்டில் போட்டிருப்பார்கள். கீழ் எல்லை 11.7 வோல்ட். லித்தியம் இரும்பு பாஸ்பேட் சுமையில் 13 வோல்ட்டை ஒட்டித்தான் நிற்கும். எஸ்எம்பிஎஸ்ஸின் 13.8 வோல்ட்டில் மறைந்திருந்த இழப்பு பேட்டரிக்கு வந்ததும் வெளியே தெரிகிறது. மேசையில் நன்றாக ஓடியதற்குக் காரணம் அதுதான்.

இரண்டு இடத்துக்கும் வித்தியாசம் கிடைத்துவிட்டால், அதைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள். மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் ஒரே கம்பியின் இரண்டு நுனிகளில் வையுங்கள். அந்தக் கம்பி தின்கிற வோல்ட்டை அது நேராகக் காட்டும். ஃபியூஸ் ஹோல்டர், மீட்டர், ஒவ்வொரு கனெக்டர் என்று ஒவ்வொன்றாகப் போங்கள். கறுப்புக் கம்பியை விட்டுவிடாதீர்கள், பாதி இழப்பு அந்தப் பக்கம்தான் இருக்கும். அளவைத் தாளில் எழுதுங்கள்.

பெட்டிநிலையம்:

அண்ணா, இன்று மாலை முழுக்க அதே வேலை. 100 வாட்டுக்குக் கொஞ்சம் கீழே, ரிக் நிற்கிற எல்லையில் 19 ஆம்ப் போனது. பேட்டரி முனையில் 12.9 வோல்ட். ரிக் பிளக்கில் 11.2! வழியில் 1.7 வோல்ட் காணாமல் போகிறது.

பிரித்துப் பார்த்தது: கம்பிகள் எல்லாம் சேர்த்து 0.5, ஃபியூஸ் ஹோல்டர் 0.2, முன்பலகை மீட்டரின் உள்ளே போய் வெளியே வர 0.7, ஒரே ஒரு பவர்போல் ஜோடியில் 0.3. மற்ற ஜோடிகளில் ஒன்றுமே இல்லை.

அந்த ஒரு ஜோடியைக் கழற்றினேன். சிவப்பு உறையின் ஓரம் லேசாகப் பழுப்பாகியிருந்தது. உள்ளே இருந்த உலோக நாக்கை உருவிப் பார்த்தால், கிரிம்ப் வாய்க்குள் (கம்பியை நசுக்கிக் கவ்வும் இடம்) செம்போடு சேர்ந்து கம்பியின் பிளாஸ்டிக் உறையும் நசுங்கிக் கிடந்தது. ஐந்தாறு இழைகள் வெளியே மடங்கியிருந்தன. வெளியிலிருந்து இழுத்துப் பார்த்தபோது கெட்டியாகத்தான் இருந்தது.

தாமிரக்கம்பி:

0.3 வோல்ட் என்பது சின்னதாகத் தெரியும். 19 ஆம்பால் பெருக்கிப் பாருங்கள், ஒரு விரல்நுனி அளவு இடத்தில் கிட்டத்தட்ட 6 வாட் சூடு. முன்பலகை மீட்டருக்குள் 13 வாட் சூடு. மூடிய பெட்டிக்குள் இது நல்லதல்ல.

உங்கள் கம்பி 1.5 சதுர மில்லிமீட்டர் என்று நினைக்கிறேன். அதற்கு ஒரு மீட்டர் நீளத்துக்கு 12 மில்லிஓம் அளவில் தடை வரும். போக ஒரு மீட்டர், வர ஒரு மீட்டர் என்றால் 24 மில்லிஓம், 19 ஆம்பில் கிட்டத்தட்ட அரை வோல்ட். உங்கள் அளவோடு ஒத்துப்போகிறது. 4 சதுர மில்லிமீட்டருக்கு மாறுங்கள், நீளத்தையும் 80 சென்டிமீட்டருக்குள் கொண்டுவாருங்கள். அழகுக்காகச் சுற்றி மடித்துக் கட்ட வேண்டாம்.

பெரிய மின்னோட்டம் மீட்டர் வழியாகப் போக வேண்டிய தேவையே இல்லை. வோல்ட் மட்டும் காட்டும் சின்ன மீட்டர் போதும், ரிக் பக்க முனையிலிருந்து 1 ஆம்ப் ஃபியூஸ் வைத்து மெல்லிய கம்பியில் எடுங்கள். ரிக்குக்கு உண்மையில் கிடைக்கிற வோல்ட் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். முதன்மை ஃபியூஸ் பேட்டரி முனைக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் இருக்கட்டும். லித்தியம் பேட்டரியின் ஷார்ட் சர்க்யூட் விளையாட்டல்ல.

பெட்டிநிலையம்:

சொன்னபடியே செய்தேன். 4 சதுர மில்லிமீட்டர் கம்பி, புதிய ஃபியூஸ் ஹோல்டர், எல்லா நாக்குகளையும் சரியான கருவியால் மறுபடி கிரிம்ப் செய்தேன். இப்போது முழுச் சுமையில் ரிக் பிளக்கில் 12.4 வோல்ட். டம்மி லோடில் 100 வாட், ஒரு தடவை கூட அணையவில்லை!

ஆனால் ஆன்டெனாவை மாட்டி 40 மீட்டரில் பேசினால் என் குரல் கரகரவென்று உடைகிறது என்று எதிர்முனையில் சொன்னார்கள். லேப்டாப்பின் யுஎஸ்பி தொடர்பும் அறுந்துபோகிறது. பழையவால்வு அண்ணா சொன்ன இரண்டாவது கோளாறு இதுதானா?

நாற்பதுமீட்டர்:

இதுவேதான் ஓஎம் (ஹாம் நண்பரே). எண்ட்-ஃபெட் கம்பிக்கு மறுபாதி (மின்னோட்டம் திரும்பும் வழி) எங்காவது வேண்டும். நீங்கள் எதுவும் கொடுக்காவிட்டால் கோஆக்ஸின் (ரிக்கிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் கேபிள்) வெளி உறையையே அது எடுத்துக்கொள்ளும், அந்த ஆர்எஃப் நேராக உங்கள் பெட்டிக்குள் வந்து இறங்கும். பிளாஸ்டிக் பெட்டி எதையும் தடுக்காது.

டிரான்ஸ்ஃபார்மரின் கிரவுண்ட் முனையில் 2 மீட்டர் நீளக் கம்பி ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள், 40 மீட்டரில் அலைநீளத்தின் இருபதில் ஒரு பங்கு. அப்புறம் கோஆக்ஸ் பெட்டிக்குள் நுழைகிற இடத்தில் ஒரு சோக், அதாவது உறையில் வரும் ஆர்எஃப்பைத் தடுக்கும் சுருள். எஃப்டி240-31 ஃபெரைட் (ஆர்எஃப்பைத் தடுக்கும் காந்தப் பொருள்) வளையத்தில் மெல்லிய கோஆக்ஸை 10 அல்லது 12 சுற்று சுற்றினால் போதும். சோக்கை டிரான்ஸ்ஃபார்மரோடு ஒட்டி வைக்காதீர்கள், ரிக் பக்கம்தான் வேண்டும். கம்பியோடு டிரான்ஸ்ஃபார்மர் பக்கக் கோஆக்ஸ் கொஞ்சமும் மறுபாதியாக வேலை செய்யட்டும்.

யுஎஸ்பி கம்பிக்கும் மைக் கம்பிக்கும் 31 வகை ஃபெரைட்டையே போடுங்கள். சும்மா ஒரு தடவை நுழைத்துவிட்டால் பெரிய பலன் இல்லை. மூன்று சுற்று சுற்றினால் தடை ஒன்பது மடங்கு ஆகும்.

மலைக்காற்று:

பேட்டரியை மாற்றச் சொன்ன என் பதிலைத் திரும்பப் பெறுகிறேன். என் பெட்டியையும் இதே முறையில் அளந்தேன். மீட்டரிலேயே 0.6 வோல்ட் போகிறது.

இன்னொன்று, எஃப்டி8 (கணினிவழி டிஜிட்டல் முறை) ஓட்டுவதாக இருந்தால் பவரைக் குறையுங்கள். 15 நொடியில் ஏறத்தாழ 12.6 நொடி இடைவிடாத கேரியர். உள்ளே போகும் 240 வாட்டில் 100தான் ஆன்டெனாவுக்கு, மிச்சம் எல்லாம் பெட்டிக்குள் சூடு. நான் 30 வாட்டுக்கு மேல் போவதில்லை, மூடியைத் திறந்தே வைக்கிறேன், ரிக்கின் ஃபேனுக்கு முன்னால் நான்கு விரல் இடம் விட்டிருக்கிறேன்.

பெட்டிநிலையம்:

சோக், 2 மீட்டர் கம்பி, ஃபெரைட் மூன்றும் ஆயிற்று. நேற்று 80 வாட்டில் அரை மணி நேரம் பேசினேன். குரல் தெளிவு என்று இரண்டு பேர் சொன்னார்கள், யுஎஸ்பியும் அறுபடவில்லை. பேசும்போது முன்பலகை மீட்டர் 12.5க்கும் 13.1க்கும் நடுவில் அசைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், மனம் நிறைந்தது. எல்லோருக்கும் நன்றி.

கடைசியாக ஒரு கேள்வி. எஸ்எம்பிஎஸ்ஸையும் பெட்டிக்குள்ளேயே வைத்தால் 40 மீட்டரில் ரிக்கின் சிக்னல் மீட்டரில் எஸ்7 வரை இரைச்சல் ஏறுகிறது. அதற்கும் ஃபெரைட் போதுமா?

பழையவால்வு:

அதை வெளியே எடுத்துவிடுங்கள் தம்பி. பேட்டரியில் ஓட்டிக் கேளுங்கள், எஸ்எம்பிஎஸ்ஸின் பிளக்கைப் பிடுங்கியதும் இரைச்சல் போகிறது என்றால் குற்றவாளி அதுதான். தனிப் பையில் வைத்து, ரிக்கிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, டிசி கம்பியில் ஃபெரைட் சுற்றிப் பயன்படுத்துங்கள். பெட்டியின் எடையும் குறையும். பேட்டரிக்குச் சார்ஜர் தனியாக இருக்கட்டும், 14.6 வோல்ட்டில் நிறுத்துகிற லித்தியம் இரும்பு பாஸ்பேட் சார்ஜர். வடிந்த பேட்டரியை எஸ்எம்பிஎஸ்ஸோடு நேராக இணைக்காதீர்கள், அது தாங்குகிற அளவைவிட அதிகமாக பேட்டரி இழுக்கும். 73 (வாழ்த்துகள்).