திருமகன் ஈ.வெ.ரா.வைப் பார்த்துப் பேசியவங்க சொல்லுங்க (ஈரோடு கிழக்குல 2021-ல ஜெயிச்ச காங்கிரஸ் எம்எல்ஏ)

கருங்கல்பாளையத்துக்காரன்:
2021 தேர்தலுக்கு எங்க வீதிக்கு ஓட்டுக் கேட்டு வந்தாருங்க. கூட வந்தவங்க போட்ட சத்தத்துல பாதிகூட அவர்கிட்ட இல்லை, கும்பிட்டபடியே நடந்து வந்தார். திண்ணையில இருந்த எங்க அப்பத்தா, "ஏஞ்சாமி, நீ சம்பத்து பேரனா?"ன்னு கேட்டுது. "ஆமாங்க ஆத்தா"ன்னு பக்கத்துல வந்து நின்னார். அப்புறம் அப்பத்தாதான் பேசுச்சு. சம்பத்து கூட்டத்துக்கு வண்டி கட்டிட்டுப் போனது, அவர் பேச ஆரம்பிச்சா ஒருத்தரும் எந்திரிக்க மாட்டாங்கங்கறது எல்லாம். சொல்லின் செல்வர்னு சும்மாவா பேரு? இவர் கேட்டுட்டே நின்னார். கை சின்னத்தைப் பத்தி ரெண்டு பேருமே பேசலை.

பழைய காங்கிரஸ்காரன்:
அந்த வீட்டுக் கதை தெரியாத இளசுகளுக்காகச் சொல்றேன். பெரியாரோட அண்ணன் கிருஷ்ணசாமி மகன்தான் ஈ.வெ.கி. சம்பத். திராவிடர் கழகத்துல இருந்து தி.மு.க., 1961-ல தனியா தமிழ்த் தேசியக் கட்சி, 1964-ல காங்கிரஸ். அவர் மனைவி சுலோசனா சம்பத் அ.தி.மு.க.வுல பெரிய ஆளா இருந்தவங்க. மகன் இளங்கோவன் காங்கிரஸ், மத்திய இணையமைச்சர் வரைக்கும் போனார். பேரன் திருமகனுக்குச் சீட்டு கிடைச்சதுக்கு இந்தப் பேரெல்லாம்தான் காரணம், அதுல ஒளிக்க என்ன இருக்கு? ஆனா ஓட்டு அப்படி லேசா விழலை. 8,904 வித்தியாசம்தான். இளங்கோவன் வாயைத் திறந்தா மறுநாள் பேப்பர்ல தலைப்பு. மகன் பேசி அப்படி ஒரு தலைப்பு வந்ததா எனக்கு ஞாபகமே இல்லை.

வாத்தியார்:
நான் 2023 இடைத்தேர்தல்ல வாக்குச்சாவடி டியூட்டி பார்த்தவன். ஜனவரி 4-ல திருமகன் மாரடைப்புல போயிட்டார், 46 வயசு. இளைய மகன் நிக்கட்டும்னு இளங்கோவன் சொல்லிப் பார்த்தார், கட்சி அவரையே நிறுத்திருச்சு. 77 வேட்பாளர், கூட நோட்டா. ஒரு மெஷின்ல 16 பேர்தான் வரும்ங்கறதால ஒவ்வொரு சாவடிக்கும் அஞ்சு மெஷின். மேசை பத்தலை, வகுப்பு டெஸ்க்கை இழுத்துப் போட்டோம். அங்கீகாரம் பெற்ற கட்சிகளை முதல்ல போட்டுருவாங்க, அதனால கை, இரட்டை இலை எல்லாமே முதல் மெஷின்லயே இருந்துச்சு. ஆனா வயசானவங்க கடைசி மெஷின் வரைக்கும் தேடிட்டு நிப்பாங்க, நாம வாயைத் திறக்கக் கூடாது. ஒரு பெரியவர் வெளிய போறப்ப, "பையனுக்குப் போட்டதை அப்பனுக்கும் போட வேண்டியதாப் போச்சுங்க"ன்னார். இளங்கோவன் 66 ஆயிரத்துக்கு மேல வித்தியாசத்துல ஜெயிச்சார்.

சூரம்பட்டி:
எல்லாரும் குடும்பத்தைப் பத்தியே பேசறீங்க. எம்எல்ஏவா எப்படின்னு யாராவது சொல்லுங்க. நான் சாக்கடை விஷயமா மனு கொடுத்தேன், வாங்கிப் படிச்சுப் பார்த்துட்டு அங்கேயே நின்னு ரெண்டு கேள்வி கேட்டார். அவ்வளவுதான் என் பழக்கம். இருந்ததே 20 மாசம், ஒரு எம்எல்ஏவுக்குத் தொகுதி பிடிபடவே அவ்வளவு காலம் ஆகும். நல்லவர், கெட்டவர்னு எடை போட எனக்கு மனசு வரலை. இளங்கோவனும் 2024 டிசம்பர்ல போயிட்டார். 2025 பிப்ரவரியில மறுபடி தேர்தல், சீட்டை தி.மு.க. எடுத்துக்கிட்டு சந்திரகுமார் ஜெயிச்சார். 2011-ல இதே தொகுதியில தே.மு.தி.க. எம்எல்ஏவா இருந்தவரேதான். 2021-ல முதல் ஓட்டுப் போட்ட எங்க ஊர்ப் பசங்க, அடுத்த பொதுத்தேர்தல் வர்றதுக்குள்ள மூணு எம்எல்ஏவைப் பார்த்துட்டாங்க.