பத்து இலை வேணும், திங்கக்கிழமைக்குள்ள

(குடும்பக் குழு. வெள்ளிக்கிழமை, மாலை 6:42)

கலா: எல்லாருக்கும் வணக்கம். ஒரு உதவி வேணும். யாழினி ஸ்கூல்ல திங்கக்கிழமை ‘ஆட்டம் ஆக்டிவிட்டி டே’யாம். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புன்னு காஞ்ச இலை பத்து கொண்டுவரச் சொல்லியிருக்காங்க. சார்ட்டுல ஒட்டி அஞ்சு வரி எழுதணும். ஆரஞ்சு கலர் டிரஸ்ஸும் போடணும்.

முரளி அண்ணன்: என்ன ஆட்டம்? கரகாட்டமா

தேவி அண்ணி: இலையுதிர் காலம்ங்க

முரளி அண்ணன்: ஐப்பசியிலயா

கலா: அதான் அண்ணே. மூணு நாளா மழை விடல. வாசல்ல கெடக்கறது பூரா ஊறிப்போன வேப்பெலை.

அத்தை வேதாரண்யம்: வாசல்ல தண்ணி நிக்கிதா கலா

கலா: வீட்டுக்குள்ள இல்ல அத்தே. தெருவுல கணுக்கால் அளவு.

அத்தை வேதாரண்யம்: மோட்டார் சுவிட்ச்ச ஈரக்கையோட தொடாத

பாபு அத்தான்: ஆன்லைன்ல பிளாஸ்டிக் மேப்பிள் இலை பாக்கெட்டா விக்கிது. போடவா?

பெரியப்பா: வேண்டாம்.

செல்வி (நியூஜெர்சி): 📷 புகைப்படம்

செல்வி (நியூஜெர்சி): எங்க வாசலைப் பாரு கலா. வாரி மூட்டை கட்டி கைவலிதான் மிச்சம்.

கலா: அய்யோ என்னா நெறம்க்கா!!

முரளி அண்ணன்: அதுல ஒரு மூட்டைய ரோட்டுல தள்ளி விடு

பெரியப்பா: எல்லாரும் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும். டீச்சரை யாரும் குத்தம் சொல்லாதீங்க. அவங்க கைக்கு மேலேர்ந்து ஒரு தாள் வந்திருக்கும். 34 வருஷம் அந்த நாற்காலியில உக்காந்தவன் சொல்றேன். யாழினி இலையுதிர் காலத்தைப் படிக்கட்டும், நல்லாவே படிக்கட்டும். ஆனா மரம் ஏன் இலையை உதுக்குதுன்னு தெரிஞ்சு படிக்கணும். செப்டம்பர் 22, 23 வாக்குல, அதாவது புரட்டாசி பொறந்த மொத வாரத்துல, பகலும் ராத்திரியும் ஏறக்குறைய சமமா இருக்கும். அதுக்கப்பறம் வடக்க போகப் போக பகல் மடமடன்னு கொறையும். வெளிச்சம் கொறைஞ்சா மரம் பச்சையம் செய்யறதை நிறுத்திடும். பச்சை போனதும் உள்ள மறைஞ்சிருந்த மஞ்சள் வெளியே தெரியும். சில மரம் புதுசா சிவப்பும் உண்டாக்கும். பிறகு காம்பும் கிளையும் சேர்ற எடத்துல தக்கை மாதிரி ஒண்ணு வளர்ந்து அடைச்சிடும், இலை விழுந்திடும். பனியில மண் உறைஞ்சு போனா வேர் தண்ணி எடுக்க முடியாது. இலை இருந்தா உள்ள இருக்கற தண்ணியும் ஆவியாப் போயிடும். மரம் தன்னைக் காப்பாத்திக்கத்தான் உதுக்குது.

பாபு அத்தான்: 👍

செல்வி (நியூஜெர்சி): ஆமா பெரியப்பா. ஜூன்ல 15 மணி நேரம் வெளிச்சம் இருந்துச்சு. இப்ப 11 கூட இல்ல. நிகில் இருட்டுல எழுந்திரிக்கறான்.

பெரியப்பா: பாத்தியா. நம்மூர்ல வருஷத்துலேயே நீளமான பகலுக்கும் குட்டைப் பகலுக்கும் ஒண்ணேகால் மணி நேரம்தான் வித்தியாசம். இங்க மரத்துக்குக் கஷ்டகாலம் வறட்சிதான். அரசும் புங்கும் மாசி பங்குனியில மொட்டையா நிக்கிறது அதனாலதான். இதையும் ஒரு வரி எழுதச் சொல்லு.

கலா: சரி பெரியப்பா. இலைக்கு என்ன பண்றது?

தேவி அண்ணி: வாதா எலை! அது செவக்கும்ல

பெரியப்பா: அருமை தேவி. வாதா மரத்துல எப்பப் பாத்தாலும் நாலஞ்சு எலை செவந்து தொங்கும். உதிர்றதுக்கு முன்னாடி செவக்கற அதே சங்கதிதான்.

முரளி அண்ணன்: நம்ம வீட்டு வாதா மரம் இருந்திருந்தா இப்ப ஒரு நிமிஷ வேலை

அத்தை வேதாரண்யம்: அதை ஞாபகப்படுத்தாத

சித்தப்பா: வேர் சுவத்துல ஏறிடுச்சு. எத்தனை தடவ சொல்றது. வீடு விரிஞ்சா யார் கட்டித் தர்றது

அத்தை வேதாரண்யம்: ஒரு வார்த்தை கேட்டுட்டு வெட்டியிருக்கலாம் தம்பி. அம்மா அந்த நெழல்லதான் நெல்லு பொடைக்கும்

சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா: ஆனது ஆச்சு. ஐயனார் கோயில் குளத்தங்கரையில ஒண்ணு இருக்கு. முரளி, நாளைக்கு அந்தப் பக்கம் போவியா?

முரளி அண்ணன்: மழை விட்டா. நெல்லு மூட்டையெல்லாம் கொள்முதல் நிலையத்துல கெடக்கு பெரியப்பா. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள்ள வரணும். வெயிலே காணோம்

அத்தை வேதாரண்யம்: எத்தனை மூட்டை

முரளி அண்ணன்: 62

பாபு அத்தான்: தார்ப்பாய் இருக்கா? எங்கிட்ட பெருசு ஒண்ணு இருக்கு

முரளி அண்ணன்: இருக்கு அத்தான். அடியிலதான் தண்ணி ஏறுது. சவுக்குக் கட்டை போட்டு தூக்கி வெச்சிருக்கேன்

கலா: அண்ணே நீ அந்த வேலையப் பாரு. இலைக்கு நான் வேற யாரையாவது கேக்கறேன்.

முரளி அண்ணன்: ஏம்மா, மருமவளுக்கு பத்து எலை பறிக்க முடியாதா எனக்கு

செல்வி (நியூஜெர்சி): கலா, நிகில் கிளாஸ்ல என்ன பண்ணாங்கன்னு சொல்றேன். இலையைக் குப்புற வெச்சு மேல பேப்பர் போட்டு கிரேயானைப் படுக்க வெச்சுத் தேச்சாங்க. நரம்பு அப்படியே வந்துச்சு. அப்பறம் ஆளுக்கு ஒரு பரங்கிக்காய். வெட்டி, உள்ள இருக்கற விதையைக் கழுவி, பத்துப் பத்தா குமிச்சு எண்ணணும். மொதல்ல எத்தனை இருக்கும்னு குத்துமதிப்பா எழுதி வெக்கணும். நிகில் 100ன்னு எழுதினான். எண்ணினா 400க்கு மேல!

அத்தை வேதாரண்யம்: பரங்கிக்காய என்ன பண்ணாங்க

செல்வி (நியூஜெர்சி): பாதி தூரத்தான் போட்டாங்க அத்தே

அத்தை வேதாரண்யம்: ஒரு கூட்டு வெச்சிருக்கலாம்

தேவி அண்ணி: எங்க பள்ளிக்கூடத்துல போன வாரம் இதே கணக்கை குறுவைக் கதிர்ல பண்ணோம். மூணாம் வகுப்பு. ஆளுக்கு ஒரு கதிர். நெல்லை உருவி பத்துப் பத்தா சிலேட்டு மேல வெச்சாங்க. ஒருத்தனுக்கு 96, ஒருத்திக்கு 141. ஒரு பய மட்டும் ரொம்ப நேரம் எண்ணாம உக்காந்திருந்தான். என்னடான்னு கேட்டா, “டீச்சர், கருக்காயையும் எண்ணணுமா?”ன்னான். ஒவ்வொண்ணா நகத்தால அழுத்திப் பாத்து, உள்ள அரிசி இல்லாததைத் தனியா பிரிச்சு வெச்சிருக்கான். எனக்கு அவனைக் கட்டிப்பிடிச்சுக்கலாம் போல இருந்துச்சு.

பெரியப்பா: அவன் விவசாயி மகன்.

தேவி அண்ணி: அவங்க அம்மா நடவுக்குப் போறவங்க. சொந்த நெலம் இல்ல.

பெரியப்பா: அவனுக்கு என் ஆசீர்வாதம் சொல்லு.

பாபு அத்தான்: இதுக்குத்தான் சொன்னேன் யாழினியை அண்ணி ஸ்கூல்லயே போடுங்கன்னு. கலா கேட்டாதானே. காலைல டிபனும் குடுக்கறாங்க

கலா: அத்தான், அவருக்கு ஷிப்ட் மாறி மாறி வருது. வேன் வர்ற ஸ்கூல் வேணும்னுதான் சேத்தோம். அது அப்பவே பேசி முடிச்சாச்சு.

தேவி அண்ணி: விடுங்க அத்தான். யாழினி டீச்சரும் நல்லவங்கதான், நான் பேசியிருக்கேன்

(இரவு 7:31)

சித்தப்பா: பலமுறை அனுப்பப்பட்டது: கனமழை காரணமாக நாளை முதல் திங்கள் வரை அனைத்துப் பள்ளிகளுக்கும் விடுமுறை!!!

கலா: நெஜமா சித்தப்பா??

தேவி அண்ணி: எங்களுக்கு ஒண்ணும் வரல. கலெக்டர் அறிவிச்சா எங்க குரூப்ல வந்துடும். தேதியே இல்ல பாருங்க அதுல

சித்தப்பா: நம்ம டீக்கடை குரூப்ல வந்துச்சு

பெரியப்பா: உறுதியாகாம அனுப்பாதே தம்பி.

முரளி அண்ணன்: 🎤 குரல் பதிவு 0:38

முரளி அண்ணன்: அப்பாயி பேசுது. கேளுங்க

செல்வி (நியூஜெர்சி): நான் வெளியில இருக்கேன், என்ன சொல்லுது?

கலா: ஈரம் போக இலையைப் பழைய பேப்பருக்கு நடுவுல வெச்சு, மேல அரிசி மூட்டையைத் தூக்கி வெக்கச் சொல்லுது. ரெண்டு நாள்ல தட்டையாயிடுமாம். அப்பறம், கூதக்காத்து அடிக்குது, புள்ளைக்கு காதைக் கட்டி அனுப்புன்னுது.

பெரியப்பா: கேட்டீங்களா எல்லாரும்! கூதக்காத்து! பழைய தமிழ்க் கணக்குல வருஷத்துக்கு ஆறு பருவம். ஆவணி புரட்டாசி கார், ஐப்பசி கார்த்திகை கூதிர், பிறகு முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். அப்பாயி வாயில இருக்கற கூதல், அந்தக் கூதிரோட சொந்தக்கார வார்த்தை. பள்ளிக்கூடமே போகாத கிழவி இத்தனை நாள் அதைக் காப்பாத்தி வெச்சிருக்கு. சார்ட்டுல ஒரு பக்கம் செல்வி வாசல், இன்னொரு பக்கம் கூதிர். அந்தப் பக்கத்துல சம்பா நாத்து தண்ணியில தூர் கட்டி நிக்கிறதை வரையட்டும். துலா மாசத்துல, அதான் ஐப்பசியில, காவிரியில முழுக்குப் போடறதை வரையட்டும். மாயவரத்துப் புள்ளைக்கு அது தெரியாதா?

அத்தை வேதாரண்யம்: ஐப்பசி கடைசி நாள் கடைமுழுக்குக்கு இந்த வருஷம் யார் யார் வர்றீங்க

பாபு அத்தான்: அம்மா, அதை அப்பறம் பேசலாம்

அத்தை வேதாரண்யம்: அப்பறம் அப்பறம்னுதான் போன வருஷம் மறுநாள் முடவன் முழுக்குக்குக்கூட வரல நீ. கலா வீட்லதான் தங்கணும், முன்கூட்டியே சொல்லணும்ல

கலா: வாங்க அத்தே, எல்லாரும் வாங்க. எத்தனை பேருன்னு மட்டும் சொல்லிடுங்க.

அத்தை வேதாரண்யம்: இன்னொண்ணு எழுதச் சொல்லு. கோடியக்கரைக்குப் பறவை வந்துடுச்சு. செல்வி ஊர் பக்கமா அது

செல்வி (நியூஜெர்சி): இல்ல அத்தே, அது ரஷ்யா, சைபீரியா பக்கத்துலேர்ந்து

பெரியப்பா: எலை உதிர்றதும் பறவை வர்றதும் அக்கா தங்கச்சி மாதிரி, வடக்க வெளிச்சமும் தீனியும் கொறையுது, அது தெக்க வருது. கோடியக்கரையில பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்காரங்க பறவையோட கால்ல வளையம் மாட்டித்தான் எங்கேர்ந்து எங்க போகுதுன்னு கண்டுபிடிக்கறாங்க. அப்படி வடக்கேர்ந்து வர்ற உள்ளான் நம்ம வயல்லயே நிக்கும் கலா. வரப்போரம் சேத்துல வாலை ஆட்டி ஆட்டி, குத்தூசி மாதிரி அலகால குத்திக்கிட்டே போகும். புள்ளையை ஒரு நாள் கூட்டிட்டு வா. படத்துல பாத்தா போதாது.

கலா: மழை விடட்டும் பெரியப்பா. ஞாயித்துக்கிழமை பாக்கறேன். அவருக்கு லீவான்னு தெரியல.

பெரியப்பா: மழை விடற வரைக்கும் ஒரு வேலை, யாழினி மழைமானி செய்யட்டும். நேர் பக்கமா இருக்கற தண்ணி பாட்டிலை மேல்பக்கம் வெட்டி, அந்த வாயைக் கவுத்து உள்ளேயே செருகணும். அடி வளைஞ்சிருக்கும், அதனால கூழாங்கல் போட்டு நேர்ப்பக்கம் தொடங்கற எடம் வரைக்கும் தண்ணி ஊத்தி அதைப் பூச்சியம்னு வெச்சுக்கணும். ஸ்கேலை ஒட்டி மொட்டை மாடியில, மரம் சுவர் மறைக்காத எடத்துல வெக்கணும். தெனம் காலைல ஒரே நேரத்துல பாத்து எழுதணும். ஒரு மில்லிமீட்டர் மழைன்னா ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். உங்க மாடி 600 சதுர அடி, சுமாரா 56 சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் பெஞ்சா 560 லிட்டர் விழுந்திருக்கு! அதை அவளே பெருக்கிப் பாக்கட்டும்.

முரளி அண்ணன்: பாட்டில் நான் வெட்டித் தரேன், கத்தியை அவ கையில குடுக்காத

கலா: சரிண்ணே. ஆரஞ்சு டிரஸ்?

செல்வி (நியூஜெர்சி): தீபாவளிக்கு நான் அனுப்பின பாவாடை?

கலா: அது பிங்க்குக்கா

செல்வி (நியூஜெர்சி): ஆரஞ்சுன்னுதான் போட்டிருந்தான் படத்துல

தேவி அண்ணி: எங்கிட்ட காவிக்கலர் துப்பட்டா இருக்கு, எலையோட குடுத்து விடறேன்

அத்தை வேதாரண்யம்: தீபாவளின்னதும் ஞாபகம் வருது. என் தேன்குழல் அச்சு யார்கிட்ட இருக்கு

அத்தை வேதாரண்யம்: பித்தளை அச்சு

அத்தை வேதாரண்யம்: பாத்துட்டு பதில் போடாம இருக்காதீங்க

கலா: 🎤 குரல் பதிவு 0:11

கலா: யாழினி கேக்கறா பெரியப்பா. உள்ளான் கெளம்பறப்ப அங்க இலையெல்லாம் விழுந்திருக்குமான்னு.

பெரியப்பா: இதுக்கு முன்னாடி என்னை யாரும் இப்படிக் கேட்டதில்ல. உள்ளான் கூட்டம் கூட்டமா ஆவணி புரட்டாசியிலேயே வர ஆரம்பிச்சிடும் கண்ணு. அப்ப செல்வி ஊர்ல மரம் பச்சையாத்தான் நிக்கும். அது இருக்கற வடகோடியில பல எடத்துல மரமே கெடையாது, புல்லும் பாசியும்தான். எலை விழறதைப் பாக்காமலே வந்துடுது.

கலா: அதை எழுதணுமாம். ஆறு வரி ஆயிடும், டீச்சர் அஞ்சுதான் சொன்னாங்களேன்னு அழுவுறா.

தேவி அண்ணி: ஆறே எழுதட்டும். நான் டீச்சர்கிட்ட பேசறேன்

முரளி அண்ணன்: காத்து ஜாஸ்தியாவுது. தார்ப்பாயைப் பாத்துட்டு வரேன். எலை காலைல

சித்தப்பா: குளத்தங்கரை வழுக்கும் முரளி, நீ போவாத. நான் போயிட்டு வரேன்