புகையிலையில் வேர்முடிச்சும் கருந்தண்டும்: மண்ணுக்குப் புகையூட்டலாமா, பயிரை மாற்றலாமா?

வயல்வேலன்:
நடவுக்கு முன் மண்ணில் ஆவியாகப் பரவும் புகையூட்டி மருந்தைச் செலுத்தாமல் புகையிலையைக் காப்பாற்ற முடியாது. வேர்முடிச்சை உண்டாக்கும் நூற்புழு துளைத்த வேரில், தண்டைக் கறுக்கவைக்கும் கருந்தண்டு நோய் சுலபமாக ஏறிவிடும். 1,3-டைகுளோரோபுரோப்பீன் என்ற புகையூட்டி நூற்புழுவை அடக்கும். குளோரோபிக்ரின் என்ற இன்னொன்று நோய்க்கிருமிகளை அடக்கும். சேர்த்துப் போட்டால் ஒரே வேலையில் இரண்டும் முடியும்.

கரிசல்மண்:
அடக்கும், சரி. ஒழிக்காதே அண்ணே! ஆழத்தில் தப்பிய புழு மேலே வரும். சூடான மண்ணில் ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய ஒரு மாதம் போதும். ஒரு பெண்புழு நூற்றுக்கணக்கில் முட்டை இடும். அறுவடைக்குள் பழைய நிலைதான். மெத்தில் புரோமைடு என்ற பழைய புகையூட்டியையும் இப்படித்தான் நம்பியிருந்தார்கள். ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி வளர்ந்த நாடுகளில் 2005-லும், வளரும் நாடுகளில் 2015-லும் அதன் வழக்கமான மண் பயன்பாடு நின்றது. கடைசி இலை ஒடித்ததும் தட்டையை வேரோடு பிடுங்கிக் காயவிடுங்கள். பச்சைக் கட்டை நிலத்தில் நிற்கும்வரை புழு பெருகும். அடுத்த போகத்துக்குப் பயிரை மாற்றுங்கள்.

வயல்வேலன்:
எதற்கு மாற்றுவது? மக்காச்சோளத்திலும் வேர்முடிச்சு நூற்புழுவின் ஓர் இனமான இன்காக்னிடா பெருகும். தக்காளி, கத்தரி, மிளகாய் பற்றிப் பேசவே வேண்டாம்.

கரிசல்மண்:
அதனால்தான் எந்த இனம் என்று முதலில் பார்க்கச் சொல்கிறேன். இன்காக்னிடா என்றால் நிலக்கடலை நல்ல மாற்று. அரினேரியா என்ற இனத்தின் ஒரு வகையோ கடலையையே தின்னும். கருந்தண்டுக்கு இந்தச் சிக்கல் இல்லை. வயலில் அதற்கு முக்கிய இரை புகையிலைதான், வேறு எந்தப் பயிர் வைத்தாலும் குறையும்.

நாற்றங்கால்:
இருவரும் ரகத்தை விட்டுவிட்டீர்கள். ஆர்கே என்ற எதிர்ப்பு மரபணு உள்ள ரகம் இன்காக்னிடாவின் 1, 3 எண் வகைகளைத் தாங்கும், ஜவானிகா என்ற இனத்தைத் தாங்காது. கருந்தண்டுக்கான பிஹெச் மரபணு அந்நோய்க் கிருமியின் 0 எண் வகையை நிறுத்தும். அதையே திரும்பத் திரும்ப நட்ட நிலங்களில் அக்கிருமியின் 1 எண் வகை தலைதூக்கியது. எதிர்ப்பு ரகத்தையும் மாற்றி மாற்றித்தான் நட வேண்டும். நாற்றுமேடையே புழுவோடு இருந்தால் இத்தனையும் வீண். மேடையை ஈரமாக்கி, கண்ணாடித்தாள் போல மெல்லிய பாலித்தீன் விரிப்பு போட்டு, நல்ல வெயிலில் 4 முதல் 6 வாரம் மூடி வையுங்கள்.

வயல்வேலன்:
பாக்டீரியா வாடல் உள்ள வயலுக்கு என்ன சொல்வீர்கள்? பயிர் மாற்றினால் குறையுமே தவிரப் போகாது. அங்கே குளோரோபிக்ரினை விடமாட்டேன்.

கரிசல்மண்:
அந்த வயலுக்கு ஒப்புக்கொள்கிறேன். நூற்புழுவுக்காக மட்டும் என்றால் அறுவடை முடியும் தறுவாயில் வேரையும் மண்ணையும் ஆய்வுக்கு அனுப்புங்கள். எண்ணிக்கை அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். அந்த முடிவு வந்தபின் மருந்தைப் பற்றிப் பேசுவோம்.